சார்லஸ் டாட்: ஒற்றைக் கம்பியும் இரண்டாம் பாதையும்

சிட்னியிலும் மெல்போர்னிலும் வாழும் தமிழர்களில் கணிசமானோர் கணினித் துறையில் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்காவது வழங்கிகள் அடுக்கப்பட்ட குளிர்ந்த கூடங்களுக்குள் போய் நின்ற அனுபவம் இருக்கும். அங்கே இரும்புச் சட்டங்களின் பின்பக்கம் பார்த்தால் ஒரு விஷயம் உடனே கண்ணில் படும். எல்லாம் இரண்டிரண்டாக இருக்கும். ஒவ்வொரு வழங்கிக்கும் இரண்டு மின்வடங்கள், ஒன்று ஒரு மின்வழியிலிருந்தும் மற்றது வேறொரு மின்வழியிலிருந்தும். வலையமைப்புக்கு இரண்டு கேபிள்கள் இரண்டு தனித்தனி ஸ்விட்சுகளுக்குப் போகும். பல வழங்கிகள் சேர்ந்து பயன்படுத்தும் பொதுச் சேமிப்பகத்துக்கும் இரண்டு பாதைகள். ஒன்று அறுந்தால் மற்றொன்று தாங்க வேண்டும் என்பது இதன் தத்துவம். இரண்டு கேபிளையும் ஒரே குழாய் வழியே இழுத்துக் கொண்டுபோனால் அது இரண்டு பாதை ஆகாது என்பது இத்தொழிலில் முதலில் சொல்லித்தரப்படும் பாடம்.

இந்தப் பாடத்தை ஆஸ்திரேலியக் கண்டம் கற்றுக்கொண்டது கணினி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு. கற்றுக்கொடுத்தது ஒரு தந்திக் கம்பி. அந்தக் கம்பியைக் கண்டத்தின் தென்கோடியிலிருந்து வடகோடி வரை இழுத்தவர் சார்லஸ் டாட். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரின் பெயரைக் கேள்விப்படாத ஆஸ்திரேலியத் தமிழர் இருக்க முடியாது. அந்த ஆலிஸ் இவருடைய மனைவி. அவ்வூரின் வழியே பெரும்பாலும் நீரின்றிக் கிடக்கும் டாட் ஆறு இவருடைய பெயரைத் தாங்கியது. ஆனால் ஆளைப் பற்றி நம்மில் பலருக்கு அதற்கு மேல் தெரியாது.

சார்லஸ் டாட் 1826 ஜூலை 7 அன்று லண்டனின் இஸ்லிங்டன் பகுதியில் பிறந்தார். தந்தை மளிகையும் தேயிலையும் விற்றவர். குடும்பம் கிரீனிச்சுக்குக் குடிபெயர்ந்தது சிறுவனின் வாழ்க்கையைத் தீர்மானித்துவிட்டது. அங்கேதான் அரச வானாய்வகம் இருந்தது. 1841இல், பதினைந்து வயதில், டாட் அங்கே கணக்குப் போடும் பையனாகச் சேர்ந்தார். அந்த வேலைக்கு அப்போது ஆங்கிலத்தில் இருந்த பெயர் கம்ப்யூட்டர்! வான அளவைகளைத் தாளில் கூட்டிக் கழித்துச் சரிபார்க்கும் மனிதர்களையே அச்சொல் குறித்தது. அந்த வகையில் டாட் தம் வாழ்க்கையைத் தொடங்கியதே ஒரு கணினியாகத்தான்.

1848இல் கேம்பிரிட்ஜ் வானாய்வகத்தில் உதவியாளர் ஆனார். நிலவைப் புகைப்படம் எடுக்கும் தொடக்கக்கால முயற்சிகளில் பங்கு பெற்றார். 1854இல் மீண்டும் கிரீனிச். இம்முறை பொறுப்பு வேறு. வானாய்வகத்தின் துல்லிய நேரத்தை மின்சாரக் கம்பி வழியே நாட்டின் பிற இடங்களுக்கு அனுப்பும் பிரிவு அவர் கையில் வந்தது. விண்மீனைப் பார்த்து நேரம் கணிக்கவும், கணித்ததைக் கம்பியில் அனுப்பவும் ஒருசேரத் தெரிந்தவர்கள் அப்போது மிகச் சிலரே. தெற்கு ஆஸ்திரேலியக் குடியேற்ற அரசு தன்னிடம் வந்து தந்தித் துறையை உருவாக்கவும் வானிலையைக் கவனிக்கவும் ஓர் ஆளைத் தேடியபோது, அரச வானியலாளர் ஜார்ஜ் ஏரி இவருடைய பெயரைச் சொன்னதில் வியப்பில்லை.

1855 ஏப்ரலில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஆலிஸ் பெல்லை மணந்தார். ஆலிஸுக்கு அப்போது பத்தொன்பது வயது நிறையவில்லை. அதே ஆண்டு நவம்பரில் இருவரும் அடிலெய்டில் கப்பலிலிருந்து இறங்கினர். ஆலிஸ் 1898இல் இறக்கும்வரை அடிலெய்டிலேயே வாழ்ந்தார். தம் பெயர் தாங்கிய ஊரை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

டாட் இறங்கிய காலத்தில் ஆஸ்திரேலியா ஒரு நாடு அல்ல. ஒன்றையொன்று சந்தேகத்தோடு பார்த்துக்கொண்ட தனித்தனிக் குடியேற்றங்கள். மெல்போர்னில் சாமுவேல் மக்கவன் என்பவர் 1854லேயே தந்தியைத் தொடங்கியிருந்தார். டாட் அவரைச் சந்தித்துப் பேசி, இரு தலைநகரங்களையும் இணைக்கத் திட்டம் வகுத்தார். 1858 ஜூலையில் அடிலெய்டும் மெல்போர்னும் இணைந்தன. அதே ஆண்டு அக்டோபரில் மெல்போர்னும் சிட்னியும் இணைந்தன. குதிரை வண்டியிலும் கப்பலிலும் நாட்கணக்கில் பயணப்பட்ட செய்தி, ஒரே பகலில் மூன்று நகரங்களையும் தொட்டுவிட்டது. அரசியல் கூட்டமைப்பு வர இன்னும் 43 ஆண்டுகள் இருந்தன. கம்பி அதற்கு முன்பே ஒரு கூட்டமைப்பை உண்டாக்கிவிட்டது என்று சொல்லலாம்.

இந்தக் கம்பிகளைக் கொண்டு டாட் செய்த ஒரு காரியம் குறிப்பிடத்தக்கது. 1868இல் சிட்னி, மெல்போர்ன் வானாய்வகங்களோடு நேரக் குறிகளைப் பரிமாறி, தெற்கு ஆஸ்திரேலியாவின் எல்லையாகச் சட்டம் குறித்திருந்த 141ஆம் தீர்க்கரேகை உண்மையில் எங்கே செல்கிறது என்று கணக்கிட்டார். விக்டோரியாவுடனான எல்லைக்கோடு சுமார் இரண்டேகால் மைல் மேற்கே தள்ளிப் போடப்பட்டிருந்தது தெரியவந்தது. அந்தக் கீற்று நிலத்துக்காக இரு தரப்பும் சண்டையிட்டு, வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1914இல் விக்டோரியாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. இன்று மெல்போர்னிலிருந்து அடிலெய்டுக்குக் காரில் போகிறவர்கள் கடக்கும் எல்லை, அந்தத் தவறான கோடுதான்.

உள்நாட்டில் செய்தி பறந்தது. ஆனால் உலகத்தோடு? இங்கிலாந்துக் கடிதமும் பத்திரிகையும் கப்பலில் வர இரண்டு மாதம் வரை ஆகலாம். போர் மூண்டதும் விலை சரிந்ததும் சிட்னி வணிகருக்குத் தெரியும்போது அது பழங்கதை. 1870இல் கடலடிக் கம்பி பம்பாய் வரை வந்துவிட்டது. அங்கிருந்து தரைவழியே சென்னை. சென்னையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கடலடியில் கம்பி இறங்கியது. பிறகு பட்டேவியா, ஜாவாவின் கிழக்கு முனையான பான்யுவாங்கி. அதற்கப்பால் ஆஸ்திரேலியா. நம் வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்நாளில் லண்டனிலிருந்து சிட்னிக்கும் மெல்போர்னுக்கும் வந்த தந்திகள் பெரும்பாலும் சென்னை வழியாகத்தான் வந்தன.

கம்பி ஆஸ்திரேலியாவில் எங்கே கரையேறுவது என்பதில் போட்டி எழுந்தது. குயின்ஸ்லாந்து தன் வடகரைக்கு அதைக் கொண்டுவர முயன்றது. தெற்கு ஆஸ்திரேலியா முந்திக்கொண்டது. டார்வின் துறைமுகத்தில் கடலடிக் கம்பி ஏறினால், அங்கிருந்து போர்ட் அகஸ்டா வரை கண்டத்தின் குறுக்கே தரைக் கம்பியைத் தன் செலவில் தானே போட்டுத் தருவதாகவும், 1872 ஜனவரி முதல் நாள் அது தயாராக இருக்கும் என்றும் 1870இல் ஒப்பந்தம் செய்தது. ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். அந்த வழியில் முழுதாகச் சென்று திரும்பிய ஐரோப்பியர் ஜான் மக்டவல் ஸ்டூவர்ட்டின் குழுவினர் மட்டுமே, அதுவும் 1862இல். இரண்டு ஆண்டுக்கும் குறைவான காலம். மதிப்பிட்ட செலவு 120,000 பவுண்டு. பொறுப்பு, அந்த ஆண்டே தலைமை அஞ்சல் அதிகாரியாகவும் ஆன டாட் தலையில்.

டாட் வேலையை மூன்றாகப் பிரித்தார். தெற்குப் பகுதியும் வடக்குப் பகுதியும் ஒப்பந்தக்காரர்களுக்கு. எவரும் எடுக்கத் துணியாத நடுப்பகுதி அவருடைய துறையின் ஐந்து குழுக்களுக்கு. சுமார் 36,000 கம்பங்கள் நடவேண்டும். மரமில்லாத பாலையில் கம்பத்தை வெகுதூரத்திலிருந்து மாட்டு வண்டியில் இழுத்து வரவேண்டும். இரும்புக் கம்பி, பீங்கான் மின்காப்பிகள், மின்கலங்கள் எல்லாம் கப்பலில் வந்து, பிறகு மாதக்கணக்கில் நிலத்தில் பயணப்பட வேண்டும்.

இங்கே தொழில்நுட்பம் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். மின்குறி ஒரே ஓட்டத்தில் 3,200 கிலோமீட்டர் போகாது. கம்பியின் மின்தடை அதைத் தேய்க்கும். மழையிலும் ஈரத்திலும் கம்பங்களின் வழியே மின்சாரம் கசியும். எனவே ஏறக்குறைய 250 கிலோமீட்டருக்கு ஒன்றாக நிலையங்கள் அமைக்கப்பட்டன. பெல்டானா, சார்லட் வாட்டர்ஸ், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், பாரோ கிரீக், டெனன்ட் கிரீக், டேலி வாட்டர்ஸ், காதரின் என்று அவற்றின் பெயர்கள் இன்றும் வரைபடத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு நிலையத்திலும் தந்தியாளர் வந்த குறியைக் காதால் கேட்டு, எழுதி, அடுத்த நிலையத்துக்கு மறுபடி தட்டுவார். ஒவ்வொரு நிலையத்துக்கும் சொந்த மின்சாரம் தேவை. கண்ணாடி ஜாடிகளில் மயில்துத்தக் கரைசல் நிரப்பிய மின்கலங்கள் வரிசை வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டன. அவற்றைக் கழுவுவதும் நிரப்புவதும் தினசரி வேலை. இன்றைய தரவு மையத்தில் மின்தடை வந்தால் தாங்குவதற்கு ஒரு மின்கல அறை இருக்கிறதல்லவா? அங்கே மின்கல அறையைத் தவிர வேறு மின்சாரமே கிடையாது. கம்பி எங்காவது அறுந்தால் இரு பக்கத்து நிலையங்களிலிருந்தும் ஆட்கள் குதிரையில் கிளம்பி, அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்கும்வரை எதிரெதிரே வருவார்கள்.

நிலையம் கட்டத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் இருந்த இடங்களோ ஏற்கெனவே மனிதர்கள் வாழ்ந்த இடங்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் அரெர்ன்டே மக்களின் ம்பார்ன்ட்வே. 1871 மார்ச்சில் டாட்டின் நில அளவையாளர் வில்லியம் மில்ஸ் அங்கே நீர்நிலையைக் கண்டு, தம் தலைவரின் மனைவி பெயரை அதற்கு இட்டார். கெய்டெட்யே மக்களின் நிலத்தில் பாரோ கிரீக் நிலையம் எழுந்தது. 1874 பிப்ரவரியில் அந்த நிலையம் தாக்கப்பட்டது. நிலையத் தலைவர் ஸ்டேப்பிள்டனும் கம்பி ஊழியர் ஒருவரும் இறந்தனர். குத்துயிராகக் கிடந்த ஸ்டேப்பிள்டன் அடிலெய்டிலிருந்த மனைவியிடம் அந்தக் கம்பி வழியாகவே விடைபெற்றார். இது ஆஸ்திரேலிய நூல்களில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் காட்சி. அதற்குப் பழிவாங்கச் சென்ற படைகள் கெய்டெட்யே மக்களையும் அண்டைக் குழுவினரையும் வாரக்கணக்கில் வேட்டையாடியது அந்த அளவுக்குச் சொல்லப்படுவதில்லை. கொல்லப்பட்ட அவர்களின் பெயர்கள் எந்தத் தந்தியிலும் போகவில்லை. டாட்டின் பணியின் பெருமையைச் சொல்லும்போது இந்தக் கணக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தெற்குப் பகுதியும் நடுப்பகுதியும் ஏறக்குறையத் திட்டப்படி முன்னேறின. வடக்கே எல்லாம் சிதறியது. பருவமழை கொட்டி, நிலம் சேறாகி, மாடுகள் புதைந்தன. 1871 மே மாதம் டாட்டின் மேற்பார்வையாளர் வடக்கு ஒப்பந்தத்தை ரத்துச் செய்தார். ராபர்ட் பாட்டர்சன் தலைமையில் அரசே வேலையை எடுத்துக்கொண்டது. அவரையும் அடுத்த மழை முடக்கியது. இதற்கிடையே, 1871 நவம்பரில் கடலடிக் கம்பி டார்வினில் கரையேறிவிட்டது. கடல் வேலை முடிந்தது, தரை வேலை முடியவில்லை. கெடு நாளான 1872 ஜனவரி முதல் தேதியும் கடந்து போனது. கம்பி நிறுவனம் இழப்பீடு கேட்டது. குயின்ஸ்லாந்து தன் பழைய திட்டத்தைத் தூசி தட்டியது. 45 வயது டாட் அலுவலக நாற்காலியை விட்டு எழுந்து, கப்பலேறி வடக்கே சென்று, ரோப்பர் ஆற்றின் வழியே பொருள்களையும் ஆட்களையும் உள்ளே கொண்டுவந்து வேலையைத் தாமே நேரில் நின்று முடுக்கினார்.

அந்தக் கோடையும் மழையும் கழிந்து, 1872 ஜூனில் இடைவெளி சுருங்கியது. கம்பி இல்லாத இடைப்பகுதியில் தந்திச் செய்திகளைக் குதிரை வீரர்கள் சுமந்தனர். லண்டன் செய்தி கம்பியிலும் குதிரையிலும் மாறி மாறி அடிலெய்டை அடைந்தது. மகிழ்ச்சி சில நாட்களே நீடித்தது. ஜூன் 24 அன்று ஜாவாவுக்கும் டார்வினுக்கும் இடையே கடலடிக் கம்பி அறுந்துபோனது!

1872 ஆகஸ்ட் 22 அன்று ஃப்ரூஸ் பாண்ட்ஸ் என்னுமிடத்தில் பாட்டர்சன் தரைக் கம்பியின் இரு முனைகளையும் இணைத்தார். டாட் அப்போது கண்டத்தின் நடுவே சென்ட்ரல் மவுண்ட் ஸ்டூவர்ட் அடிவாரத்தில் முகாமிட்டிருந்தார். கையிலிருந்த சிறு தந்திக் கருவியைக் கம்பியில் மாட்டி, இரவெல்லாம் குளிரில் அமர்ந்து வாழ்த்துகளைப் பெற்றுக்கொண்டார். கண்டம் இணைந்துவிட்டது. உலகம் இணையவில்லை. எட்டு வாரத்துக்கும் மேலாக அந்த நீண்ட கம்பி வெளியுலகச் செய்தி ஏதுமின்றிக் கிடந்தது. அக்டோபர் 21 அன்று கடலடிக் கம்பி சரிசெய்யப்பட்ட பிறகே லண்டன் செய்தி அடிலெய்டுக்கும், அங்கிருந்து மெல்போர்னுக்கும் சிட்னிக்கும் சில மணி நேரத்தில் வரத் தொடங்கியது. இதில் தெற்கு ஆஸ்திரேலியா அதிர்ஷ்டசாலி. தரைக் கம்பி தாமதமானதற்கு அதன் மேல் வந்த கோபம், கடலடிக் கம்பி அறுந்ததில் அமுங்கிப்போனது. செலவு மதிப்பீட்டைப்போல் நான்கு மடங்கை நெருங்கியிருந்தது.

ஒற்றைக் கம்பியின் ஆபத்தை அந்த முதல் ஆண்டே காட்டிவிட்டது. ஆனால் இரண்டாவது கம்பிக்கு யார் பணம் கொடுப்பது? இன்றும் எந்த நிறுவனத்தின் கணினிப் பிரிவும் தன் நிதிப் பிரிவிடம் சந்திக்கும் கேள்விதான். ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றுக்கு ஏன் இன்னொன்று என்ற கேள்விக்கு, அறுபடும் நாள் வரை பதில் கிடைப்பதில்லை. பலமுறை தொடர்பு அறுந்து, குடியேற்றங்கள் கூடிப் பேசி, சிட்னியும் மெல்போர்னும் மானியத்தில் பங்கேற்றுக் கடைசியில் 1879, 1880 வாக்கில் ஜாவாவிலிருந்து டார்வினுக்கு இரண்டாவது கம்பி போடப்பட்டது. நிம்மதி கிடைத்ததா? இரண்டு கம்பியும் ஒரே கடலில், ஒரே இரண்டு ஊர்களுக்கு இடையே கிடந்தன. அந்தக் கடலடி நிலமோ எரிமலை நாட்டின் விளிம்பு. அங்கே நிலம் குலுங்கினால் இரண்டும் சேர்ந்தே அறுபடும். அப்படியே நடந்தது. அதனால்தான் 1889இல் மூன்றாவது கம்பி டார்வினை விட்டு விலகி, மேற்கு ஆஸ்திரேலியாவின் புரூமில் கரையேறியது. இன்று சுற்றுலாப் பயணிகள் ஒட்டகச் சவாரி செய்யும் அங்குள்ள கேபிள் பீச், அந்தக் கம்பியால் பெயர் பெற்றது. பெர்த் நகரத்துக்கான தந்திப் பாதை யூக்லா வழியே 1877லேயே டாட்டின் பங்களிப்போடு போடப்பட்டிருந்ததால், மேற்கே ஏறிய செய்தி கிழக்குக்கு வரத் தனியாக ஒரு வழி ஏற்கெனவே இருந்தது. உண்மையான இரண்டாம் பாதை அப்போதுதான் பிறந்தது.

தரைக் கம்பியிலும் இதே கதை. மரக் கம்பங்களைக் கறையான் தின்றது. இரும்புக் கம்பங்கள் படிப்படியாக அவற்றின் இடத்தைப் பிடித்தன. நூற்றாண்டு முடியும் தறுவாயில் பழைய இரும்புக் கம்பிக்குத் துணையாகச் செம்புக் கம்பி ஒன்றும் இழுக்கப்பட்டது. டாட்டின் பிற்கால வாழ்க்கை பெரும்பாலும் இப்படிப்பட்ட பராமரிப்பில்தான் கழிந்தது. திறப்பு விழாவைப் பற்றி எழுதுகிற வரலாறு பராமரிப்பைப் பற்றி எழுதுவதில்லை.

தந்தி நிலையம் ஒவ்வொன்றையும் அவர் வானிலை நிலையமாகவும் ஆக்கினார். தந்தியாளர்கள் மழையையும் வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் அளந்து கம்பியில் அனுப்பினர். சிட்னியில் ஹென்றி ரஸ்ஸல், மெல்போர்னில் ராபர்ட் எல்லரி, அடிலெய்டில் டாட் என்று மூவரும் தகவலைப் பகிர்ந்துகொண்டனர். இந்தப் பொதுச் சேமிப்பிலிருந்துதான் கண்டம் தழுவிய வானிலை வரைபடங்கள் உருவாயின. டாட் இந்தியப் பதிவுகளையும் எடுத்து ஒப்பிட்டார். இந்தியாவில் பருவமழை பொய்க்கும் ஆண்டுகளும் ஆஸ்திரேலியாவில் கடும் வறட்சி நிலவும் ஆண்டுகளும் ஒத்துப்போவதை 1888இல் சுட்டிக்காட்டினார். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட தாது வருடப் பஞ்சத்தின்போது, 1877இல், ஆஸ்திரேலியாவிலும் வறட்சிதான். இரண்டையும் இணைக்கும் கடல் நிகழ்வை எல் நினோ என்று அறிவியல் விளக்கியது இருபதாம் நூற்றாண்டில்தான். செய்திக்காகப் போட்ட கம்பி, நம் ஊர்ப் பஞ்சத்தின் காரணத்துக்கும் ஒரு தடயத்தைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது.

ஆள் எப்படிப்பட்டவர்? சிறிய உருவம், தாடி, ஓயாத உழைப்பு, அதைவிட ஓயாத சிலேடை. தம் பெயரிலிருந்து டீ என்ற முதல் எழுத்தை எடுத்தால் விசித்திரமானவன் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் மிஞ்சும் என்பதால், டீ இல்லாவிட்டால் தாம் ஒரு மாதிரி ஆகிவிடுவதாகச் சொல்லிச் சிரிப்பது அவர் வழக்கம். தேயிலை வியாபாரியின் மகனல்லவா! 1889இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். 1893இல் சர் பட்டம் வந்தது. மகள் குவெண்டலின் மணந்த இளம் பேராசிரியர் வில்லியம் பிராக்கும் அவர்கள் மகன் லாரன்ஸ் பிராக்கும் 1915இல் சேர்ந்தே இயற்பியல் நோபல் பரிசு பெற்றனர். அதைப் பார்க்கப் பாட்டனார் இல்லை. 1901இல் குடியேற்றங்கள் ஒன்றாகித் தந்தித் துறை கூட்டமைப்பு அரசின் கைக்குப் போன பிறகும் பணியில் நீடித்து, 78ஆம் வயதில் 1905 தொடக்கத்தில் ஓய்வு பெற்றார். 1910 ஜனவரி 29 அன்று அடிலெய்டை அடுத்த செமஃபோர் கடற்கரையில் காலமானார்.

அவர் ஓய்வு பெறும் முன்பே அவருடைய கம்பியின் தனியாட்சி முடிந்துவிட்டது. 1902க்குள் மேற்கே கோகோஸ் தீவுகள், மொரீஷியஸ் வழியாக ஆப்பிரிக்காவுக்கும், கிழக்கே ஃபிஜி வழியாகக் கனடாவுக்கும் கடலடிக் கம்பிகள் வந்துவிட்டன. அவை தெற்கு ஆஸ்திரேலியாவின் தந்தி வருமானத்தைக் குறைத்தன. ஆனால் கண்டத்தின் பாதுகாப்பைக் கூட்டின. ஒரு பொறியாளரின் உழைப்பு ஒற்றை வழியாக இருந்து, பல வழிகளில் ஒன்றாகிப் போவது தோல்வி அல்ல. வலையமைப்பு முதிர்ந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

2000ஆம் ஆண்டு பசிபிக் கடலில் இயங்கத் தொடங்கிய சதர்ன் கிராஸ் ஒளியிழைக் கம்பி சிட்னியில் ஒரே இடத்தில் கரையேறவில்லை. அலெக்சாண்ட்ரியாவில் ஒன்று, புரூக்வேலில் ஒன்று என இரண்டு நிலையங்கள், கடலிலும் இரண்டு பாதைகள். ஒன்றை நங்கூரம் கிழித்தால் மற்றது தாங்கும். சென்னையிலிருக்கும் அம்மாவோடு மெல்போர்னிலிருந்து முகம் பார்த்துப் பேசுகிறோம், இடையில் ஒரு கம்பி அறுந்தாலும் நமக்குத் தெரிவதில்லை. 1872இல் பான்யுவாங்கிக்கு இந்தப் பக்கம் கம்பி அறுந்தபோது ஒரு கண்டமே வாயடைத்துப் போயிருந்தது. இடைப்பட்ட வித்தியாசம் முழுவதும் அந்த இரண்டாம் பாதைதான்.